மஞ்சள் தடவிய நட்சத்திரங்கள்

கிருஷ்ணவேணி காற்றை எடை போட்டாள். இதைக் கேட்டால் ஊரில் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேப் தராசில், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் வீசுகிற காற்றை எடை போட்டவள் தென்னார்க்காடு ஜில்லாவில் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன? ஏழு வருஷம் ரயிலில் இடிபட்டுப் போய்ச் சம்பாதித்த தலைக்கனம் அது, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். ஐந்து பிள்ளைகளில் அவள் கடைசி. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அந்தக் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அப்பா போன பிறகு கொல்லையைப் பெரியண்ணனிடம் விட்டுவிட்டு, அம்மா வெள்ளையம்மாளை அழைத்துக்கொண்டு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்தாள். காலை பாசஞ்சரில் திண்டிவனம், மாலை பாசஞ்சரில் விழுப்புரம். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களிடம், “ஞாயித்துக்கிழமை வாங்க, நிதானமா பேசலாம்” என்பாள். ஞாயிற்றுக்கிழமை வீடு பூட்டியிருக்கும். மெட்ராஸில் நூலகத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் படித்தது நீல நட்சத்திரங்களை. சூரியனைப் போல இருபது மடங்கு, முப்பது மடங்கு கனத்தவை. சூடு என்றால் அப்படியொரு சூடு, அந்தச் சூட்டில் நீலமாக எரிகின்றன. அவற்றின் வெளிச்சமே அவற்றின் மேல்தோலைப் பிய்த்து வெளியே தள்ளுகிறது, செகண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில். அதுதான் நட்சத்திரக் காற்று. நம் பால்வீதியில் இருக்கிற நீல நட்சத்திரங்களின் காற்றைப் பற்றி உலகத்துக்கு ஓரளவு தெரியும். அண்டை வீடு மாதிரி இருக்கிற இன்னொரு நட்சத்திரக் கூட்டம் உண்டு, மெகல்லன் மேகம் என்று பெயர். அங்கே இரும்பு, கரி மாதிரியான சரக்கெல்லாம் குறைவு. வெளிச்சம் பிடித்துத் தள்ளுவதற்கு அந்த அணுக்கள்தான் கைப்பிடி. கைப்பிடி குறைந்தால் தள்ளுவதும் குறையும், காற்றும் மெலிந்துதான் இருக்க வேண்டும். மெலிந்திருக்கிறதா, எவ்வளவு மெலிவு? இதுதான் கிருஷ்ணவேணியின் கேள்வி. இதற்குத்தான் பிஎச்.டி. பதிவு செய்திருந்தாள்.

எடை போட்ட கதை இதுதான். நட்சத்திரத்தின் ஒளியைச் செயற்கைக்கோள் பதிவு செய்யும். கம்ப்யூட்டர் அதை நீளத் தாளில் கோடாக வரைந்து தரும். காற்று வெளிச்சத்தை மறைக்கிற இடத்தில் அந்தக் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். பள்ளம் பெரிதானால் காற்று பலம், சிறிதானால் சோனி. பள்ளத்தின் பரப்பளவை அளக்கப் பெரிய இடங்களில் மிஷின் இருக்கும். திண்டிவனத்தில் கத்தரிக்கோல் இருந்தது. பள்ளத்தை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துத் தராசில் வைப்பாள். அதே தாளின் மூலையில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி அதையும் எடை பார்ப்பாள். சதுரத்தின் பரப்பு தெரிந்ததுதானே, எடைக்கு எடை வகுத்தால் பள்ளத்தின் பரப்பு வந்துவிடும். தாளுக்குத் தாள் கனம் மாறும் என்பதால் ஒவ்வொரு தாளுக்கும் அதனதன் மூலைச் சதுரம். முறை பழசுதான், அவள் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவள் கை சுத்தம் யாருக்கும் வராது.

தராசு அறையின் சாவி அட்டெண்டர் தேவசகாயத்திடம் இருந்தது. ஓலக்கூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற மனிதர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தராசை அவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டார். மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பி விடு என்பார். மேகத்து நட்சத்திரங்கள் பதினாலையும் கிருஷ்ணவேணி எடை போட்டபோது பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

அந்தப் பதினாலு தாளும் வந்த நாள் ஒரு போகிப் பண்டிகை, எண்பத்து நாலாம் வருஷம். கல்லூரிக்குப் பொங்கல் லீவு என்பதால் பெங்களூர் ஆய்வு நிலையத்துக்கு அவள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். தபால்காரர் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது வீட்டில் வெள்ளையடித்து முடித்து, வெள்ளையம்மாள் பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் காத்திருந்த தாள்கள். கிருஷ்ணவேணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். மறுநாள் பொங்கல் பொங்கி வந்த பிறகு, வெள்ளையம்மாள் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, தாள்களைப் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னாள். புதுசு எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் அந்த வீட்டில் தொடமாட்டார்கள். ரேஷன் கார்டுக்கு வைத்திருக்கிறாள், பத்திரத்துக்கு வைத்திருக்கிறாள், மகளுடைய வேலை உத்தரவுக்கும் வைத்திருக்கிறாள். பதினாலு தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்து, கற்பூரம் காட்டினாள். பக்கத்தில் நின்று கிருஷ்ணவேணியும் கும்பிட்டாள். மனசு நிறைந்துதான் இருந்தது அவளுக்கு.

அதற்கு முன்னாலேயே பால்வீதி நட்சத்திரங்களின் தாள்களைக் கல்லூரியில் வைத்தே வெட்டி, கல்லூரியிலேயே எடை போட்டு முடித்திருந்தாள். அவை வீட்டு வாசலை மிதித்ததில்லை.

எடை போட்டுக் கணக்குப் பார்த்ததில் வந்த பதில் ஜோராக இருந்தது. மேகத்து நட்சத்திரங்களின் காற்று நம்முடையதைவிட நூற்றுக்கு இருபத்தெட்டு மெலிவு. அதிலும் பதினாலாம் நம்பர் என்று அவள் குறித்திருந்த நட்சத்திரம் ஒன்று மற்றவற்றோடு சேரவே இல்லை. அதன் காற்று நூற்றுக்கு நாற்பது மெலிவு. ஏன்? கிருஷ்ணவேணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரயிலில் அதே நினைப்பு, ரேஷன் வரிசையில் அதே நினைப்பு. கடைசியில் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் முழுவதையும், இருபத்திரண்டு பக்கம், அந்த ஒரு நட்சத்திரத்துக்கே எழுதினாள். எண்பத்தாறில் பெங்களூரில் ஒரு மாநாட்டில் அதைப் படித்தபோது சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. திண்டிவனம் எங்கே இருக்கிறது என்று நாலு பேர் வந்து கேட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தாள்.

எண்பத்தேழு பிப்ரவரியில் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு இப்படிப் பக்கத்தில் ஒன்று வெடித்து நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது என்று பேப்பரில் போட்டார்கள். விழுப்புரத்து மொட்டை மாடியில் இரண்டு சாயங்காலம் நின்று பார்த்தாள். தெற்கே அடிவானத்தில் தென்னை மரமும் புழுதியும்தான் தெரிந்தன. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. வெடித்தது ஒரு நீல நட்சத்திரம் என்று செய்தி வந்ததும், உலகம் முழுக்க அவளுடைய கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. மேகத்து நீல நட்சத்திரங்களில் காற்று எவ்வளவு, சாகும் முன் எவ்வளவு சரக்கை இழக்கின்றன?

மார்ச் கடைசியில் பெங்களூரிலிருந்து விருத்தாசலம் என்பவர் கல்லூரி விலாசத்துக்குக் கடிதம் எழுதினார். மாநாட்டில் எழுந்து நின்று அவளிடம் மூன்று கேள்வி கேட்டவர். வெடித்த நட்சத்திரத்துக்குப் பங்காளி மாதிரி இருக்கிறது உங்கள் பதினாலாம் நம்பர், அதன் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மே மாதம் அச்சுக்குக் கொடுக்கிறேன், உங்கள் பெயரும் வரும் என்று எழுதியிருந்தார். கூடவே இன்னொரு நட்சத்திரத்தின் தாளையும் அனுப்பியிருந்தார். பழைய பதினாலையும் வரைந்த அதே மிஷின், அதே தாள். இதையும் அளந்து ஜல்தியாக அனுப்புங்கள்.

அன்றைக்கே தராசு அறைக்குப் போனாள். மூலைச் சதுரத்தை வெட்டி வைத்தாள். இருநூறு மில்லிகிராம். நோட்டைப் பிரித்தாள். பழைய தாள்களின் சதுரங்கள் இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பத்தொன்பது, இருநூற்றுப் பதினெட்டு. பதினாலாவது மட்டும் இருநூற்று அறுபது. பக்கத்தில் ‘இந்தத் தாள் கொஞ்சம் கனம்’ என்று அவளே எழுதி வைத்திருந்தாள். புதுசை மறுபடி வைத்தாள். இருநூறுதான்.

“தராசுல ஏதோ கோளாறுங்க” என்றாள்.

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. “தராசு மேல பழி போடாதீங்க மேடம். போன வாரம்தான் சரி பாத்து வெச்சேன். அந்தப் பழைய சதுரம் இருந்தா குடுங்க, இப்பவே வெச்சுப் பாத்துடலாம்.”

உறையிலிருந்து பழைய சதுரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வைத்தார். இருநூற்றுப் பதினெட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நோட்டில் எழுதியது எதுவோ, அதேதான். இடுக்கியால் இரண்டு சதுரத்தையும் எடுத்து வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

“தராசு சரியாத்தான் சொல்லுது மேடம். இதுல மஞ்சள் இருக்கு, அதுல இல்ல.”

கிருஷ்ணவேணி பார்த்தாள். சதுரத்தின் ஒரு முனையில் காய்ந்து உறைந்த மஞ்சள். மூன்று வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கத்தரிக்கோலால் வெட்டினாள், இடுக்கியால் பிடித்தாள், உறையில் போட்டாள். தாளின் மூலை என்றால் மஞ்சளோடுதான் இருக்கும் அவள் வீட்டில். அது அவள் கண்ணில் தனியாகப் படவே இல்லை. கோடு வராத வெறும் இடம் வேண்டுமென்று மூலையைத் தேடித் தேடி வெட்டியவளும் அவள்தான்.

“இத்தனை நாள் நீங்க ஏன் சொல்லல?”

“உங்க சாமி சமாச்சாரம், அதுல நான் ஏன் மூக்க நொழைக்கணும்னு இருந்துட்டேங்க. நட்சத்திரத்துக்கும் வெக்கணும் போலன்னு நெனச்சேன்.”

அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சதுரம் கனத்தால் பள்ளம் சிறுத்துத் தெரியும். பள்ளம் சிறுத்தால் காற்று மெலியும். மேகத்துத் தாள்களுக்கு மட்டும் மஞ்சள். அப்படியானால் அவள் கண்டுபிடித்தது மேகத்தின் காற்றையா, அம்மாவின் மஞ்சளையா? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

எழுந்தாள் என்பதுதான் விஷயம். அவள் இடத்தில் வேறு யாராவது இருந்தால் ஒரு வாரம் படுத்துக் கிடந்திருப்பார்கள். அவளோ பதினாலு சதுரத்தையும் மேசையில் பரப்பினாள். மஞ்சள் எல்லாம் ஒரு முனையில்தான் இருந்தது; எதிர் முனை சுத்தம். சுத்தமான பக்கத்தில் மூன்று சென்டிமீட்டருக்குச் சின்னச் சதுரம் வெட்டி எடை பார்த்தால் தாளின் உண்மையான கனம் வந்துவிடும். பள்ளங்கள் உறைக்குள் பத்திரமாக இருந்தன, குங்குமம் எதிலும் பட்டிருக்கவில்லை. “சாவிய ரெண்டு நாளைக்கு என்கிட்டயே குடுத்துடுங்க” என்றாள். “நானும் கூட இருக்கேன் மேடம்” என்றார் தேவசகாயம். இரண்டு நாள் மத்தியானம் இருவரும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்தார்கள்.

புதுக் கணக்கு வந்தது. இருபத்தெட்டு இருபதாகச் சுருங்கியது, ஆனால் நின்றது. மேகத்தின் காற்று நூற்றுக்கு இருபது மெலிவு, அதில் சந்தேகமில்லை. கிருஷ்ணவேணிக்கு உயிர் வந்தது. பிறகு பதினாலாம் நம்பரைப் பார்த்தாள். அதுவும் இருபது கிட்டத்தில் வந்து மற்றவற்றோடு உட்கார்ந்துவிட்டது. விசேஷம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு பக்கமும், பெங்களூர்ச் சபையும், விருத்தாசலத்தின் கணக்கும் அந்த ஒரு சதுரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். “ஏம்மா, அந்தப் பொங்கலுக்கு என் தாளுக்கெல்லாம் மஞ்சள் வெச்சியே, கடைசித் தாளுக்கு மட்டும் கூட வெச்சியா?”

கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் சிரித்தாள். “வெச்சேன். கிண்ணத்துல மீந்தத எல்லாம் வழிச்சு அதுக்கே வெச்சேன். கடைசிப் புள்ளைக்கு ஒரு புடி கூடத்தான் போடணும். ஏன், இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?”

“சும்மாதான்” என்றாள் கிருஷ்ணவேணி.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் போய்த் தன் ஆய்வு வழிகாட்டி வெங்கடாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனிதர், அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தலையில் கைவைத்துக்கொண்டார். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது; ஹைதராபாத்திலிருந்து வரும் தேர்வாளர் அந்த நாலாவது அத்தியாயத்தைப் புகழ்ந்து எழுதியே அனுப்பியிருந்தார்.

“எண்ணத் திருத்தித்தான் ஆகணும், அதுல பேச்சே இல்ல” என்றார் வெங்கடாசலம். “ஆனா காரணம்? தாளோட கனம் சீரா இல்லன்னு ஒரு வரி எழுதிடுங்களேன். அதுல பெரிய பொய்யும் இல்ல. மஞ்சள்னு சொன்னீங்கன்னா, கிருஷ்ணவேணி, சிரிப்பாங்க. இத்தனை வருஷ உழைப்பு. நாளைக்கு எந்த மாநாட்டுக்குப் போனாலும் மஞ்சள் அம்மான்னுதான் சொல்லுவாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ரயிலில் திரும்பும்போது அந்த ஒரு வரியை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தாள் நல்ல தாள். சீராகத்தான் இருந்தது. அடுத்து வருகிறவன் அந்தத் தாளைச் சந்தேகப்படுவான், அந்த முறையைச் சந்தேகப்படுவான். மூலையை மட்டும் பார்க்க மாட்டான். மேல்மருவத்தூர் தாண்டும்போது முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விருத்தாசலத்துக்கு எழுதினாள். பதினாலாம் நம்பரின் எண் தவறு. என் வீட்டில் தாளின் மூலையில் மஞ்சள் வைப்போம், அந்த மூலையை வெட்டியதால் வந்த பிழை. சரியான எண் இது. உங்கள் கணக்கைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினாள். பதில் வரவில்லை.

தேர்வு நாள் மே மாதத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால், நானும் வர்றேன் என்று வெள்ளையம்மாள் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சபையில் நாற்பது பேர் இருந்தார்கள். வெள்ளையம்மாள் கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது.

மூன்று அத்தியாயம் வரை கிருஷ்ணவேணி மழை மாதிரி பொழிந்தாள். பிறகு நிறுத்தினாள். “நாலாவது அத்தியாயத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்றாள். வெங்கடாசலம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் உறையைப் பிரித்து மஞ்சள் சதுரங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள். போகி, பொங்கல், மூலை, மஞ்சளின் எடை எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்கவில்லை. கடைசி வரிசையில் வெள்ளையம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சதுரங்களின் நிறம் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டாள். இருந்தாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

தேர்வாளர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நான் இவ்வளவு தூரம் வந்ததே அந்த அத்தியாயத்துக்காக” என்றார். “நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.”

“தெரிந்திருக்காது சார்.”

“பிறகு ஏன் சொன்னீர்கள்?”

“அந்த எண்ணை வைத்து ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் சார். அது எங்கேயோ இடிக்கும். எங்கே தப்பு என்று ஆயுசு முழுக்கத் தேடினாலும் அவருக்குக் கிடைக்காது. அவர் வீட்டில் என் அம்மா இல்லையே.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. “உங்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

“முன்பு பதிமூன்று நட்சத்திரம் ஒரு பக்கமும் ஒன்று ஒரு பக்கமுமாக நின்றன. இப்போது பதினாலும் ஒரே பக்கம். நூற்றுக்கு இருபது மெலிவு. இதை யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கட்டும்.”

“இந்த மாதிரி வேறு பிழை இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?”

“முடியாது சார். இருந்தால் நானே கண்டுபிடித்து உங்களுக்கு எழுதுவேன்.”

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலாவது அத்தியாயத்தை நீக்கி, பிழையின் காரணத்தை அப்படியே எழுதிச் சேர்த்தால் பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள். வெங்கடாசலம் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

எழும்பூரில் ரயில் ஏறியதும் வெள்ளையம்மாள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மாம்பலம் போய், தாம்பரமும் போனது. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டாள்.

“அது நான் வெச்ச மஞ்சாதான?”

“ஆமாம்மா.”

“அதனால பட்டம் இல்லன்னுட்டாங்களா?”

“இல்லம்மா. குடுத்துட்டாங்க. ஒரு பாடத்த மட்டும் எடுத்துடச் சொன்னாங்க, அவ்ளோதான். தப்பு உன்னுது இல்ல, பாக்காம வெட்டினது நான்.”

“எந்தப் பாடம்?”

“பதினாலாம் நம்பர்.”

வெள்ளையம்மாள் திரும்பிப் பார்த்தாள். “அதாம்மே நீ சோறு தண்ணி இல்லாம எழுதிக்கினு இருந்தது? அது மட்டும் மத்ததுங்க மாதிரி இல்லம்மா, அது தனின்னு என்கிட்ட கூட சொன்னியே.”

“ஆமா.”

“இப்ப?”

“மத்ததுங்க மாதிரிதாம்மா அதுவும்.”

வெள்ளையம்மாள் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அடப் பாவமே” என்றாள். “உனுக்கு அது மேல உசுராச்சே.”

தராசு அறையில் அழாதவள், வெங்கடாசலத்தின் முன்னால் அழாதவள், நாற்பது பேர் சிரித்தபோது நின்ற இடத்தில் நின்றவள், அந்தப் பெட்டியில் அத்தனை பேருக்கும் முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தப்பு செய்ததற்காக இல்லை, சபை சிரித்ததற்காகவும் இல்லை. அந்த நட்சத்திரத்துக்காக அழுதாள். மூன்று வருஷம் அவள் ஆசையாக வளர்த்த அது இல்லவே இல்லை என்று ஆகிப்போனதை உலகத்தில் ஒருத்தரும் துக்கமாக எண்ணவில்லை. அம்மா ஒருத்திதான் துக்கம் கேட்டாள்.

அழட்டும் என்று விட்டுவிட்டாள் வெள்ளையம்மாள். செங்கல்பட்டில் வண்டி நின்றபோது தூக்கைத் திறந்து புளிசாதத்தை மூடியில் வைத்து நீட்டினாள். கிருஷ்ணவேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நல்ல பசி, இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.